ஷூ பெட்டியில் தலை நீட்டிய அட்டைகள்

முதலிலேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இங்கே ஃபுட்பால் என்று சொல்வது மெஸ்ஸி ஆடும் ஆட்டம் இல்லை. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, இரண்டு முனையும் கூரான பந்தைக் கையில் பிடித்தபடி ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்களே, அந்த அமெரிக்க ஃபுட்பால். அதன் விதிகள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. குவார்ட்டர்பேக் என்றால் பந்தை எறிபவர், அணியை நடத்துபவர், அதிகச் சம்பளம் வாங்குபவர், விளம்பரங்களில் வருபவர் என்று தெரிந்தால் போதும், மிச்சக் கதை புரிந்துவிடும்.

பபிள்கம் பாக்கெட்டுக்குள் விளையாட்டு வீரர் படம் போட்ட அட்டையை வைத்து விற்பது அமெரிக்காவில் பழைய வியாபாரம். தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டை வைத்துச் சண்டை போட்டவர்களுக்கு இந்தப் பைத்தியத்தைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. அந்த வியாபாரத்தில் பெரிய பெயர் டாப்ஸ். நியூயார்க்கின் புரூக்ளினில் 1938இல் தொடங்கிய கம்பெனி, பசூக்கா பபிள்கம்மைக் கொண்டுவந்ததும் இவர்கள்தான். 1957இல் டாப்ஸ் தன் பேஸ்பால் அட்டைகளுக்கு 2½ அங்குல அகலம், 3½ அங்குல உயரம் என்று ஓர் அளவை வைத்தது. சீட்டுக்கட்டின் அளவும் அதுதான். இன்றுவரை விளையாட்டு அட்டை என்றாலே அந்த அளவுதான் என்று ஆகிவிட்டது. பெட்டி, உறை, ஆல்பம் எல்லாமே அந்த அளவுக்குத்தான் செய்கிறார்கள்.

1965இல் அதே டாப்ஸ் வெளியிட்ட ஃபுட்பால் அட்டைகள் மட்டும் அந்த அளவுக்கு அடங்கவில்லை. அகலம் அதே 2½ அங்குலம், உயரம் மட்டும் 4 11/16 அங்குலம். சென்டிமீட்டரில் சொன்னால் 6.35க்கு கிட்டத்தட்ட 11.9. கையில் எடுத்தால் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய சின்ன ஸ்மார்ட்போனைப் பிடித்த மாதிரி இருக்கும். சேகரிப்பவர்கள் இதற்கு வைத்த பெயர் ‘டால் பாய்’. உயரமான பீர் கேனுக்கும் அங்கே அதே பெயர்தான்.

இந்தத் தொகுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் அட்டையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்: 122ஆம் எண், ஜோ நேமத். அதற்குக் காரணம் இருக்கிறது, நானும் அங்கே வருவேன். ஆனால் எனக்கு அந்த ஆளைவிட அந்த உயரம்தான் சுவாரஸ்யம். கடையில் பையன்களின் கண்ணில் படவேண்டும் என்று கூட்டிய ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவான உயரம், அறுபது வருஷம் கழித்து அந்த அட்டைகளில் எது பிழைத்தது, எது கிழிந்தது, எது என்ன விலைக்குப் போகிறது என்பதையெல்லாம் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

சரி, ஏன் உயரமாக்கினார்கள்? அதற்கு அப்போதைய லீக் அரசியல் கொஞ்சம் தெரியவேண்டும்.

அமெரிக்க ஃபுட்பால் என்றால் அப்போதும் என்.எஃப்.எல். என்ற லீக்தான். டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரரின் மகன் லமார் ஹன்ட்டுக்கு ஒரு அணி வேண்டும் என்று ஆசை, என்.எஃப்.எல். கதவைத் திறக்கவில்லை. அணி கொடுக்காவிட்டால் போங்கள், லீகையே தொடங்குகிறேன் என்று கிளம்பிவிட்டார். இவரை மாதிரியே இடம் கிடைக்காத வேறு சிலரையும் சேர்த்துக்கொண்டு 1960இல் ஏ.எஃப்.எல். என்ற போட்டி லீகை ஆடவைத்தார்கள். அந்த முதலாளிகளே தங்களைக் கிண்டலாக ‘முட்டாள்கள் சங்கம்’ என்று அழைத்துக்கொண்டார்கள் என்றால் ஆரம்பத்தில் எவ்வளவு பணம் போயிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டை வியாபாரத்திலும் இந்தப் பிளவு வந்தது. 1963 வரை பெரும்பாலும் என்.எஃப்.எல். அட்டைகள் டாப்ஸ் கையில், ஏ.எஃப்.எல். அட்டைகள் ஃப்ளீர் என்ற இன்னொரு கம்பெனியின் கையில். 1964இல் எல்லாம் இடம் மாறியது. என்.எஃப்.எல். உரிமை பிலடெல்பியா கம் என்ற கம்பெனிக்குப் போய்விட்டது, அடுத்த நான்கு வருஷம் அங்கேயே இருந்தது. டாப்ஸுக்கு மிச்சம் கிடைத்தது ஏ.எஃப்.எல்., அதாவது எட்டே அணிகள் கொண்ட சின்ன லீக். பேஸ்பாலில் ராஜா மாதிரி இருந்த கம்பெனிக்கு ஃபுட்பாலில் இரண்டாம் வரிசை வீரர்கள். கடைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிலடெல்பியாவின் பாக்கெட்டும் டாப்ஸின் பாக்கெட்டும் இருந்தால், ஐந்து சென்ட் வைத்திருக்கும் பையன் டிவியில் அதிகம் பார்த்த முகங்களைத்தானே எடுப்பான்?

அதனால்தான் டாப்ஸ் அட்டையின் உயரத்தைக் கூட்டியிருக்கும் என்பது என் ஊகம். ஆனால் இது ஃபுட்பாலுக்கென்றே கண்டுபிடித்த வித்தை இல்லை. அதற்குச் சற்று முன்னால், 1964–65 பருவத்தில், டாப்ஸ் 110 ஐஸ் ஹாக்கி அட்டைகளை இதே அளவில் அடித்திருந்தது. 1964இலேயே 60 பேஸ்பால் வீரர்களைப் போஸ்ட்கார்டு மாதிரி பெரிய அட்டையில் ‘ஜயண்ட்ஸ்’ என்ற பெயரில் விற்றது. ஆக, அந்த ஒன்றிரண்டு வருஷம் டாப்ஸ் ஆட்களுக்கு அளவை வைத்து விளையாடிப் பார்க்கும் ஆசை இருந்திருக்கிறது. 1964 ஃபுட்பால் தொகுப்பிலும் 176 அட்டைகள், 1965இலும் 176 அட்டைகள். லீக் மாறவில்லை, எண்ணிக்கையும் மாறவில்லை, உயரம்தான் மாறியது.

அட்டையின் முகப்பைப் பார்த்தால் இந்த ஊகம் இன்னும் பொருந்துகிறது. பின்னணியில் மைதானம் கிடையாது, கூட்டம் கிடையாது, புல் கூடக் கிடையாது. ஒரே பளிச்சென்ற வண்ணத்தை அப்படியே பூசி, அதன் மேல் வீரரை வெட்டி ஒட்டிய மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். நேமத்தின் பின்னணி மஞ்சள். சுற்றி வெள்ளை விளிம்பு. நம் ஊர்ச் சுவர் போஸ்டரின் கூச்சமில்லாத நிறம் அது. எனக்குப் பிடிக்கும். டாப்ஸ் ஃபுட்பால் அட்டைகளில் இதைவிட அழகான வடிவமைப்பு வந்ததே இல்லை என்று சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், வரட்டும்.

உள்ளே அடுக்கிய விதமும் எளிமையானது. ஊர்ப் பெயரின் அகரவரிசை: பாஸ்டன், பஃபலோ, டென்வர், ஹூஸ்டன், கேன்சஸ் சிட்டி, நியூயார்க், ஓக்லண்ட், சான் டியாகோ. ஓர் ஊருக்கு 22 எண்கள், எட்டு ஊருக்கு 176. ஒவ்வொரு ஊருக்குள்ளும் வீரர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில். இந்த அகரவரிசை தற்செயலாக ஒரு நல்ல காரியம் செய்தது. 121 டான் மேனார்ட், 122 ஜோ நேமத். பந்தை எறிந்தவரும் பல வருஷம் அதை ஓடிப் பிடித்தவரும் பக்கத்துப் பக்கத்து எண்ணில். இருவரும் பிற்பாடு ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது தலைசிறந்த வீரர்களுக்கான கௌரவப் பட்டியலில், இடம் பிடித்தார்கள். யாரும் திட்டமிடவில்லை, எழுத்துவரிசை செய்த வேலை.

இப்போது நேமத். பென்சில்வேனியாவின் எஃகு ஆலை ஊரில் பிறந்தவர், அலபாமா பல்கலைக்கழகத்தில் பேர் பிரையன்ட் என்ற கண்டிப்பான பயிற்சியாளரிடம் ஆடியவர். கல்லூரி ஆட்டம் முடியும்போது இரண்டு லீகும் அவரைக் கூப்பிட்டன. என்.எஃப்.எல்.லில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், ஏ.எஃப்.எல்.லில் நியூயார்க் ஜெட்ஸ். 1965 ஜனவரி 1 இரவு ஆரஞ்ச் பவுல் என்ற கல்லூரி ஆட்டம், மறுநாள் ஜெட்ஸோடு ஒப்பந்தம். தொகை 4,27,000 டாலர் என்று பத்திரிகைகள் எழுதின, ஒரு லிங்கன் காண்டினென்டல் காரும் அதில் அடக்கம். அந்தக் காலத்துக்கு அது வாயைப் பிளக்கவைக்கும் பணம். ஒப்பந்தம் போட்ட சில வாரத்துக்குள் முழங்காலில் அறுவை சிகிச்சை வேறு. அதாவது சம்பளம் கொடுத்தவர்கள் ஒரு நொண்டிக்காலின் மேல் பந்தயம் கட்டியிருந்தார்கள்.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? டிவி. 1964இல் என்.பி.சி. தொலைக்காட்சி ஏ.எஃப்.எல்.லோடு ஐந்து வருஷத்துக்கு 3.6 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது, 1965 பருவத்திலிருந்து. ஜெட்ஸின் முதலாளி சன்னி வெர்ப்லின் பொழுதுபோக்குத் தொழிலிலிருந்து வந்தவர், நட்சத்திரங்களை விற்றுப் பழகியவர். விளையாட்டுக்கு ஆள் எடுக்கும்போதும் அவர் தேடியது நட்சத்திரத்தை. நியூயார்க், அழகான முகம், வாய்த்துடுக்கு, பெரிய சம்பளம். ஆகவே 1965இல் அந்த மஞ்சள் அட்டை அச்சாகும்போதே இவர் நாடு முழுக்கத் தெரிந்த பெயர், ஒரு தொழில்முறைப் பருவத்தைக்கூட ஆடி முடிக்காமலேயே.

இன்னொரு விஷயம். அதே வருஷம் ஜெட்ஸ் இன்னொரு குவார்ட்டர்பேக்கையும் வாங்கியது, ஜான் ஹுவார்ட்டே. கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய பரிசான ஹைஸ்மன் கோப்பையை 1964இல் வென்றவர் அவர்தான், நேமத் இல்லை. அவருக்கும் இரண்டு லட்சம் டாலர் அளவுக்குக் கொடுத்ததாகச் சொன்னார்கள். தொழில்முறை ஆட்டத்தில் அவர் எடுபடவில்லை. ரூக்கி கார்டு, அதாவது ஒரு வீரரின் முதல் அட்டை, பெரிய விலைக்குப் போகும்போது ‘அப்போதே தெரிந்திருந்தால்’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள் ஹுவார்ட்டேயை நினைத்துக்கொள்வது நல்லது. 1965இல் தெரிந்திருந்தவர்களுக்கே தெரியவில்லை.

அப்புறம் 1969. ஜனவரி 12, மயாமி, மூன்றாவது சூப்பர் பவுல், அதாவது இரண்டு லீகின் சாம்பியன்களும் மோதும் ஆட்டம். என்.எஃப்.எல்.லின் பால்டிமோர் கோல்ட்ஸ் சுமார் 18 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் கணித்திருந்தார்கள். மூன்று நாள் முன்னால் ஒரு விருந்தில் நேமத் எழுந்து நின்று, நாங்கள் ஜெயிப்போம், நான் உத்தரவாதம் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். 16–7 என்று ஜெட்ஸ் ஜெயித்தது. ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. வேடிக்கை என்னவென்றால் அன்று அவர் ஒரு டச்டவுன் பாஸ்கூட, அதாவது எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்க்கும் எறிகூட, எறியவில்லை. பக்கத்து அட்டைக்காரர் மேனார்ட் காலில் அடியோடு ஆடினார், ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை, எதிரணி ஆட்களைத் தன் பின்னால் ஓடவைத்ததுதான் அவர் செய்த பெரிய உதவி.

முழுக் கணக்கையும் பார்த்தால் நேமத் எறிந்த டச்டவுன்கள் 173, எதிராளியின் கையில் கொடுத்த பந்துகள் 220. 1967இல் ஒரே பருவத்தில் 4,007 கெஜம் எறிந்தார், அதற்கு முன் யாரும் நாலாயிரத்தைத் தொட்டதில்லை, அது நிஜமான சாதனை. ஆனாலும் எண்களை மட்டும் வைத்து எடை போட்டால் இந்த அட்டைக்கு இந்த விலை வராது. விலை அந்த மூன்று நாள் வாய்ச்சொல்லுக்கும், அது பலித்ததுக்கும், இரண்டு லீகும் சமம்தான் என்று அன்று அமெரிக்கா ஒப்புக்கொண்டதுக்கும். ஜெயித்தது ஏழை லீக். அந்த ஏழை லீகின் அட்டை கையில் இருப்பதற்குத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

நேமத்தோடு நிறுத்திவிட்டால் இந்தத் தொகுப்புக்கு அநியாயம் செய்கிறோம். ஏனென்றால் மற்ற 175இல் இருப்பவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. பஃபலோவின் குவார்ட்டர்பேக் ஜாக் கெம்ப் 35ஆம் எண். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினர், அமைச்சர், 1996இல் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர். ஹூஸ்டனின் ஜார்ஜ் பிளாண்டா 48 வயதுவரை ஆடியவர். ஓக்லண்டின் ஜிம் ஓட்டோவின் சட்டை எண் 00. பிரெட் பிலட்னிகாஃப் 133, வில்லி பிரவுன் 46, இருவருக்கும் இதுதான் ரூக்கி கார்டு, இருவரும் ஹால் ஆஃப் ஃபேம். எனக்குப் பிடித்தது 137, பென் டேவிட்சன். ஆறடி எட்டங்குலம் இருந்த மனிதர். அவரை நிறுத்துவதற்கு இப்படி ஓர் உயரமான அட்டை தேவைதான்.

அதைவிட முக்கியமான ஒன்று அட்டையின் முகப்பில் தெரியாது. 1965 ஜனவரியில் ஏ.எஃப்.எல்.லின் நட்சத்திர ஆட்டம் நியூ ஆர்லியன்ஸில் நடக்க இருந்தது. அங்கே போய் இறங்கிய கறுப்பின வீரர்களை டாக்சிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள், இரவு விடுதிகளில் உள்ளே விடவில்லை. 21 வீரர்கள் கூடிப் பேசி, ஆடமாட்டோம் என்று ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். லீக் ஆட்டத்தை ஹூஸ்டனுக்கு மாற்றியது. விளையாட்டு வீரர்கள் சொல்லி ஓர் ஊருக்கு ஆட்டம் இல்லாமல் போன சம்பவம் அது. முன்னால் நின்றவர்களில் ஒருவரான குக்கி கில்கிறிஸ்ட்டின் முகம் இந்தத் தொகுப்பில் டென்வர் வரிசையில் இருக்கிறது. போட்டி லீகுக்கு ஆள் பஞ்சம், அதனால் என்.எஃப்.எல். அதிகம் எட்டிப்பார்க்காத கறுப்பினக் கல்லூரிகளிலும் தேடினார்கள். ஏ.எஃப்.எல்.லின் 1963 புதுமுகத் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட பக் புக்கானன் கிராம்பிளிங் கல்லூரிக்காரர். வண்ணப் பின்னணி, பபிள்கம், பையன்கள் விளையாட்டு என்று பார்த்துவிட்டுக் கடந்துபோகிற அட்டைகளுக்குள் இதெல்லாம் கிடக்கிறது.

சரி, சேகரிப்பவர்களின் பேச்சுக்கு வருவோம். இந்தத் தொகுப்பைப் பற்றி எங்கே படித்தாலும் ‘எஸ்.பி.’ என்ற இரண்டெழுத்து வரும். ஷார்ட் பிரிண்ட், குறைவாக அச்சடிக்கப்பட்டது. அட்டைகளைத் தனித்தனியாக அச்சடிப்பதில்லை, பெரிய தாளில் பல அட்டைகளை வரிசையாக அடித்து வெட்டுவார்கள். தாளில் இருக்கும் இடங்களும் தொகுப்பின் எண்ணிக்கையும் சரியாகப் பொருந்தாவிட்டால், மிஞ்சும் இடத்தில் சில அட்டைகளை இன்னொரு முறை போடுவார்கள். அவை இரட்டிப்பாகக் கிடைக்கும், மற்றவை ஷார்ட் பிரிண்ட் ஆகிவிடும். உயரமான அட்டைக்கு டாப்ஸ் வழக்கமான தாள் கணக்கை மாற்ற வேண்டியிருந்தது, அதனால் வந்த விளைவு இது.

ஆனால் பட்டியலை எடுத்து எண்ணிப்பாருங்கள். 176இல் 132 அட்டைகளுக்குப் பக்கத்தில் எஸ்.பி. என்று போட்டிருக்கும். நான்கில் மூன்று பங்கு! ஊரில் முக்கால்வாசிப் பேர் ‘நாங்கள் அபூர்வமானவர்கள்’ என்று சொல்லிக்கொண்டால் எப்படி? உண்மையில் இங்கே வழக்கத்துக்கு மாறானவை மிச்சம் 44தான், அவை கூடுதலாக அடிக்கப்பட்டவை. நேமத்தும் எஸ்.பி.தான், யாருக்கும் பெயர் தெரியாத ஒரு பாஸ்டன் ஆட்டக்காரரும் எஸ்.பி.தான். விற்கிறவர் அந்த இரண்டெழுத்தைப் பெரிதாகப் போட்டு விலையை ஏற்றினால், இந்த 132 கணக்கைச் சொல்லிவிட்டுப் பேரம் பேசுங்கள்.

அரிதானது எண்ணிக்கையால் வந்தது கொஞ்சம், நிலைமையால் வந்தது நிறைய. அறுபதுகளில் இந்த அட்டைகளை வாங்கியவர்கள் முதலீட்டாளர்கள் இல்லை, பத்து வயதுப் பையன்கள். சட்டைப்பையில் சொருகினார்கள், சைக்கிள் சக்கரக் கம்பியில் மாட்டிப் படபடவென்று சத்தம் வரவைத்தார்கள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஷூ பெட்டியில் போட்டார்கள். சாதாரண அட்டைக்கும் இதே கதிதான், ஆனால் அது மற்றவற்றோடு சமமாக உட்கார்ந்தது. பேஸ்பால் அட்டைகளோடு இதைச் சேர்த்துக் கட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டி மூடியில் முதலில் இடிபடுவது அந்தத் தலை. மூலை மழுங்கும், மேல்பகுதியில் மடிப்பு விழும். நடுத்தர நிலையில் இருக்கும் டால் பாய்களைப் பத்து எடுத்துப் பாருங்கள், மேலிருந்து மூன்றில் ஒரு பாகத்தில் ஒரு மடிப்புக்கோடு பலவற்றில் இருக்கும், கிட்டத்தட்ட ஒரே இடத்தில்.

இன்னும் இருக்கிறது. பபிள்கம் ஒட்டிய கறை, மெழுகுத்தாள் உறையின் மெழுகு உருகிப் படிந்த பளபளப்பு. தொகுப்பின் முதல் அட்டையும் கடைசி அட்டையும் எப்போதும் பாவப்பட்டவை, எண்வரிசையில் அடுக்கிக் கட்டினால் ரப்பர் பேண்ட் அவற்றைத்தான் கடிக்கும். முதல் எண் பாஸ்டனின் டாமி ஆடிசன். கடைசி எண் 176 வீரரே இல்லை, செக்லிஸ்ட், அதாவது எந்தெந்த அட்டை கிடைத்தது என்று பேனாவால் குறித்துக்கொள்ளும் பட்டியல் அட்டை. 87உம் அதேபோல ஒரு செக்லிஸ்ட். பையன்கள் அதை அதன் வேலைக்கே பயன்படுத்தினார்கள், நேர்மையாக ஒவ்வொரு கட்டத்திலும் டிக் போட்டார்கள். ஆகவே டிக் விழாத செக்லிஸ்ட் இன்று பல ஹால் ஆஃப் ஃபேம் வீரர்களைவிட அதிக விலைக்குப் போகிறது. யார் முகமும் இல்லாத ஒரு பட்டியலுக்கு! பயன்படாமல் போனதற்கே விலை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்புத்தான் வருகிறது.

கிரேடிங் என்ற தொழில் இதற்கு மேல் வந்து உட்கார்ந்தது. 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ., அப்புறம் எஸ்.ஜி.சி., பெக்கெட் என்று சில கம்பெனிகள் அட்டையைப் பார்த்து ஒன்றிலிருந்து பத்துவரை மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் மூடித் திருப்பித் தருகிறார்கள். அதற்கு ஸ்லாப் என்று பெயர். டால் பாய்க்கு அங்கேயும் பெரிய அளவில் தனி ஸ்லாப். மூலை, விளிம்பு, மேற்பரப்பு, சென்டரிங் என்று நான்கையும் பார்ப்பார்கள். சென்டரிங் என்றால் இடதும் வலதும், மேலும் கீழும் வெள்ளை விளிம்பு சமமாக இருக்கிறதா என்பது. இந்த அட்டையில் பின்னணி பளிச்சென்று ஒரே நிறமாக இருப்பதால் விளிம்பு அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் கண் உடனே பிடித்துவிடும், அந்த அழகான வடிவமைப்பே அட்டையைக் காட்டிக்கொடுக்கிறது. அதிலும் அந்த நேரான வண்ணப்பரப்பில் விழும் சின்ன அச்சுப் புள்ளிகூட மைதானப் படத்தில் மறைவதுபோல மறையாது. நேமத்தின் கையருகே சில பிரதிகளில் ஓர் அச்சு மாசு இருக்கும், சேகரிப்பவர்கள் அதற்கு ‘பட்டாம்பூச்சி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

எட்டு மதிப்பெண் வாங்கிய அட்டைக்கும் நாலு வாங்கிய அட்டைக்கும் இருக்கும் விலை வித்தியாசம் சாதாரணக் கண்ணுக்கு நியாயமாகவே தெரியாது. அதனால்தான் அட்டையை வெட்டுகிறவர்கள் வந்தார்கள். மழுங்கிய மூலையைக் கூராக்க எளிய வழி, ஓரத்தைக் கொஞ்சம் சீவிவிடுவது. டிரிம் செய்தது என்பார்கள். அகலம் குறைந்தால் ஓரளவு தெரிந்துவிடும், ஆனால் இவ்வளவு உயரத்தில் நூலளவு போனால் யார் கவனிக்கப்போகிறார்கள்?

நான் கவனிக்கவில்லை. முதலில் வாங்கிய டால் பாய் 121, மேனார்ட். ஏலத்தில், ஸ்லாப் இல்லாமல், ‘வயதுக்கு மீறிய கூர்மையான மூலைகள்’ என்ற விளக்கத்தோடு. வயதுக்கு மீறிய எதையும் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும் என்று அப்போது தெரியவில்லை. வந்து சேர்ந்து இரண்டு மாதம் கழித்து இன்னொரு அட்டை வந்தபோது இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன், மேனார்ட் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குள்ளமாக இருந்தார். விற்றவர் பதிலே போடவில்லை. தொழிற்சாலையில் வெட்டும்போதே சற்றுச் சிறிதாகப் போன அட்டைகளும் உண்டு என்பதால் ஸ்கேல் மட்டும் தீர்ப்புச் சொல்லாது, விளிம்பையும் பார்க்க வேண்டும். அறுபது வருஷ விளிம்பு அட்டையின் மற்ற பாகம் மாதிரியே லேசாகப் பழுப்பேறி, நார் பிரிந்து இருக்கும். புதிதாக வெட்டியது பளிச்சென்று வழுவழுவென்று இருக்கும். என்னுடையதில் மூன்று பக்கம் பழுப்பு, மேல்பக்கம் மட்டும் வெள்ளை.

போலி இன்னொரு தலைவலி, பெரும்பாலும் நேமத்தில்தான். நேர்மையாக மறுபதிப்பு என்றே அச்சிட்டு விற்ற அட்டைகளில் அந்தச் சொல்லைச் சுரண்டிவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அசல் அட்டையில் படப்பகுதி வண்ணப் புள்ளிகளால் ஆனது, ஆனால் கறுப்பு எழுத்துகள் திடமான கறுப்பு மையில் ஓரம் சுத்தமாக இருக்கும். போலி செய்கிறவர் முழு அட்டையையும் ஸ்கேன் செய்து அடிப்பதால் எழுத்தும் புள்ளி புள்ளியாகப் பிசிறும். இந்த ஒரு சோதனையே முக்கால்வாசி போலியைப் பிடித்துவிடும். மிச்சத்துக்கு, நேமத் மாதிரி விலைக்கு, ஸ்லாப்பில் இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள்.

வைத்துக்கொள்வதிலும் அந்த ஒன்றேகால் அங்குலம் தொல்லை தரும். ஒன்பது அறை கொண்ட வழக்கமான ஆல்பப் பக்கத்தில் நுழையாது. டால் பாய்க்கென்று தனி உறை விற்கிறார்கள், அதையே தேடி வாங்குங்கள். பழைய மெத்தென்ற பி.வி.சி. உறைகளில் வந்தால் உடனே மாற்றிவிடுங்கள், அதிலிருந்து கசியும் எண்ணெய் அட்டையில் படியும். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் வைத்திருப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், உயரமான அட்டை ஈரத்தில் சீக்கிரம் வில்லாக வளையும்.

டாப்ஸ் இந்த அளவை ஃபுட்பாலில் அடுத்த வருஷமே கைவிட்டது. 1966இல் 132 அட்டைகள், பழைய அளவு, மரச்சட்டம் போட்ட டிவிப் பெட்டிக்குள் வீரர் தெரிவதுபோல வடிவமைப்பு. என்.பி.சி. பணத்தில் பிழைத்த லீகுக்கு அதைவிடப் பொருத்தமான சட்டம் கிடையாது. அதே வருஷம் ஜூனில் இரண்டு லீகும் இணையப்போவதாக அறிவித்தார்கள். 1968இலிருந்து எல்லா வீரர்களும் டாப்ஸ் கையில், போட்டியே இல்லை, உயரத்தைக் கூட்டிக் காட்டவேண்டிய அவசியமும் இல்லை. 1970இல் ‘சூப்பர்’ என்று 35 தடித்த அட்டைகள், 3⅛ அங்குலத்துக்கு 5¼ அங்குலம், உருண்ட மூலைகளோடு வந்தன. அவை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, அட்டைக்கும் டீ கோஸ்டருக்கும் நடுவில் ஏதோ ஒன்று. டால் பாய் அளவு நன்றாகப் போய்ச் சேர்ந்த இடம் கூடைப்பந்து. 1969–70 தொகுப்பில் 99 அட்டைகள், அதில் ஏழடி இரண்டங்குல லூ அல்சிண்டரின் ரூக்கி கார்டு, பிற்பாடு கரீம் அப்துல்-ஜபார் ஆனவர். அந்த ஆளைச் சீட்டுக்கட்டு அளவில் அடைத்திருந்தால் பாவம்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, நேமத்தை மறந்துவிடுங்கள். ஒரே ஓர் அணியின் 22 எண்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஓக்லண்டோ கேன்சஸ் சிட்டியோ. மூன்று, நாலு மதிப்பெண் நிலையில், மூலை மழுங்கியதாக, ஆனால் மடிப்பில்லாததாகத் தேடுங்கள். நியூயார்க்கைத் தேர்ந்தெடுத்தால் 21 அட்டையோடு வருஷக்கணக்கில் நிற்பீர்கள். நான் அங்கேதான் நிற்கிறேன். குள்ள மேனார்டையும் விற்கவில்லை, வாங்குகிறவரிடம் உண்மையைச் சொன்னால் விலை வராது, சொல்லாமல் விற்க மனசு வரவில்லை.

போன வருஷம் ஒரு செக்லிஸ்ட் மலிவாகக் கிடைத்தது, இரண்டாவது, 176ஆம் எண். மலிவுக்குக் காரணம் யாரோ ஒரு பையன் நீலப் பேனாவால் பட்டியல் நெடுக டிக் போட்டிருக்கிறான், சில இடங்களில் அழுத்திப் போட்டதில் பின்பக்கம் தடம் தெரிகிறது. நியூயார்க் வரிசையில் ஒரே ஒரு கட்டம் காலி. 122 இல்லை அது. 122இல் டிக் இருக்கிறது. அவனுக்குக் கிடைக்காதது மேனார்ட்.